டைனமோ பெல்ட்டும் என் கையெழுத்தும்

2.7.2007, திங்கள்

ரய்யானுக்கு இன்று இளைப்பு இல்லை. தூங்கியதும் மூச்சு எண்ணினேன். நிமிடத்துக்கு இருபத்தாறு. மூன்று வயசுக்கு அது சரிதான் என்று விருதுநகர் டாக்டர் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் மூன்று தடவை எண்ணினேன்.

கார்தான் படுத்துவிட்டது. டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது திருத்தங்கல் தாண்டியதும் பானட்டுக்குள் கிரீச்சென்று ஒரு சத்தம், கோழியை மிதித்த மாதிரி. அப்புறம் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. ஹாரன் அடித்தால் கொசு கத்தியது. எப்படியோ சிவகாசிக்குள் வந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். மறுபடி சாவி போட்டால் டக் என்றது. அவ்வளவுதான்.

ராத்திரி வீட்டுக்காரர் அஷ்ஃபாக் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வித்துரலாம்" என்றார்.

"ரிப்பேர் பண்ணுனா ஓடும் மச்சான்."

"பத்து வருசத்துப் பழைய மாருதி. இன்னைக்குப் புள்ளையோட நடுரோட்டுல நின்னிருந்தா என்ன பண்ணிருப்பே? சீசன் முடியட்டும், வேற பாப்போம்."

காலண்டர் பிரஸ் நடத்துகிற வீட்டில் 'சீசன் முடியட்டும்' என்றால் 'கிடையாது' என்று அர்த்தம். ஆடி பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகும். அதற்கப்புறம் ஆர்டர், அதற்கப்புறம் லோடு, அதற்கப்புறம் ஜனவரி. அதுவரை என் பிள்ளை இளைக்காமல் இருப்பானா? அதையும் சீசன் பார்த்தா வரச் சொல்ல?

3.7.2007, செவ்வாய்

பைபாஸ் பக்கம் இருக்கிற ஒர்க் ஷாப்புக்குப் போன் போட்டேன்.

"சார் இருக்காங்களாம்மா?"

"கார் என்னோடது. நான்தான் ஓட்டுறேன். என்னன்னு சொல்லுங்க."

"சாரை ஒரு எட்டு வரச் சொல்லுங்களேன்."

ஐந்து நிமிஷம் சண்டை போட்டதில் ஒரு ஆளை அனுப்பினார்கள். அவர் பானட்டைத் திறந்தார், இடுப்பில் கை வைத்து எட்டிப் பார்த்தார், மூடினார். "டைனமோ அவுட்டு. சார்ட்ட சொல்லிருங்க." போய்விட்டார்.

அஷ்ஃபாக்கைப் பெற்ற மாமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அதான் சொல்லிட்டுப் போறானே. ஆம்பளைக சொன்னாக் கேட்டுக்கணும்மா."

4.7.2007, புதன்

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் மூன்றாம் வருஷம் ஆல்டர்நேட்டர் படம் வரைந்து பத்துக்கு எட்டு வாங்கியவள் நான். இவர்கள் டைனமோ என்பது அதைத்தான். அது காரில் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் பத்து நிமிஷம் வெயிலில் நின்றேன்.

5.7.2007, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! டைனமோ அவுட் இல்லை. அந்த ஆள் தொட்டே பார்க்கவில்லை, எப்படித் தெரியும் அவருக்கு?

சாயங்காலம் சின்னத்தாய் அக்கா வந்தாள். பின் தெருவில் இருக்கிறாள், பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூமில் வேலை. ஐந்தரைக்கு வேன் இறக்கிவிட்டதும் நேரே இங்கே வந்து ரய்யானை ஒரு தடவை தூக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அவளுக்கு அவன்மேல் ஒரு உரிமை உண்டு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தீபாவளி அன்றைக்கு ஊரே புகை மண்டலம். அவனுக்கு உதடு நீலமாகிவிட்டது. ஒரு ஆட்டோ வரவில்லை. முக்கால் மணி நேரம் தெருவில் நின்றேன். கடைசியில் இவள்தான் ஓடிப்போய் கம்பெனி வேன் டிரைவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தாள். அதற்கப்புறம்தான், மகள் இனி தெருவில் நிற்கக்கூடாதென்று, என் அத்தா இந்தக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி என் பெயரிலேயே பதிந்து கொடுத்தது. அதற்கப்புறம்தான் நான் ஓட்டப் படித்ததும்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

"என்னா தாயி, நைலான் துப்பட்டாவைப் போட்டுக்கிட்டா மிசினுக்குள்ள குனிவீக? எங்க போர்மேன் பாத்தா கேட்டுக்கு வெளிய நிப்பாட்டிருவாரு. போங்க, நூல் சேலையோ என்னமோ மாத்திட்டு வாங்க."

மாற்றிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவள் மூக்குத்தி தவிர தோடு, வளையல் எல்லாவற்றையும் கழற்றி முந்தானையில் முடிந்துவிட்டாள். வாசல் குழாயை ஒரு தடவை தொட்டாள். மருந்து ரூம் வாசலில் செம்புத் தகடு இருக்குமாம், உடம்பில் உள்ள கரண்டு இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்கணுமாம். என்னையும் தொடச் சொன்னாள். சிரிப்பு வந்தது, ஆனால் தொட்டேன்.

"மொதல்ல கரண்டு வர்ற வயரைக் கழட்டுங்க. அப்புறந்தான் மத்ததெல்லாம்."

பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றினேன். குனிந்து டைனமோவைப் பிடித்தால், ஆடுகிறது! பால் பல் மாதிரி ஆடுகிறது. மேலே பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற நீள ஓட்டைப் பட்டையில் போல்ட் லூஸ். கீழே அதைத் தாங்குகிற பிராக்கெட்டில் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது, நட் விழுந்தே போயிருக்கிறது. டைனமோ சாய்ந்ததால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு. வழுக்கினால் டைனமோ சுற்றாது, சுற்றாவிட்டால் சார்ஜ் ஏறாது. இதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது. அறுந்திருந்தால் அன்றைக்கு இஞ்சினே கொதித்திருக்கும்.

இவ்வளவுதானே? இதற்கா விற்பது?

6.7.2007, வெள்ளி

ஆண்கள் ஜும்மாவுக்குப் போன நேரத்தில் பிராக்கெட்டைக் கழற்றினேன். கோணியை விரித்துப் படுத்து, கைக்கு எட்டாத போல்ட்டை முக்கால் மணி நேரம் திட்டித் திட்டி. முழங்கை தோல் உரிந்துவிட்டது. ரய்யான் பக்கத்தில் உட்கார்ந்து நட்டை எல்லாம் கிண்ணத்தில் போட்டு சோறு ஆக்கினான்.

பிராக்கெட்டை டிபன் பையில் போட்டுக்கொண்டு லேத் பட்டறைக்கு நடந்தேன். அய்யாதுரை அண்ணன் எங்கள் பிரஸ்ஸுக்குத்தான் வேலை செய்கிறவர்.

"கட்டிங் மிசின் பார்ட்டா இது? புதுசா இருக்கே."

"கார்ல உள்ளது."

"யாரு கழட்டுனது?"

"நான்தான்."

என் கையைப் பார்த்தார். நகமெல்லாம் கறுப்பு. "பாய் வீட்டுல கல்யாணம் பேசும்போது இதெல்லாம் சொல்லலையே" என்று சொல்லிவிட்டு அவரே கடகடவென்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தேய்ந்த ஓட்டையை வட்டமாகக் குடைந்து உள்ளே புஷ் என்கிற வளையத்தை அடித்துக் கொடுத்தார். புது போல்ட், ஸ்ப்ரிங் வாஷர், இரண்டு நட்.

வரும் வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பெல்ட் வாங்கினேன். கடைக்காரர்: "டிரைவர் வரலையாம்மா?"

"வந்திருக்கேன்ல" என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சார்ஜ் கடையில் பேட்டரிக்கும் சொல்லி வைத்தேன், ஆளை அனுப்பி எடுத்துப்போய் சார்ஜ் ஏற்றித் தருவார்கள்.

8.7.2007, ஞாயிறு

ஓடுகிறது. ஓடுகிறது. ஓடுகிறது.

சின்னத்தாய் அக்காவுக்கு லீவு. காலை பத்து மணிக்கே வந்துவிட்டாள். பிராக்கெட்டைப் பூட்டி, கீழ் போல்ட்டைப் பாதி முறுக்கி, புது பெல்ட்டை மாட்டினோம். இனி டைனமோவை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்துக்கொண்டு மேல் போல்ட்டை இறுக்க வேண்டும். நான் ஜாக்கிக் கம்பியை எடுத்தேன். அக்கா அலறிவிட்டாள்.

"யாத்தே, இரும்பை வச்சா நெம்புவீக? கீள போடுங்க! எங்க கம்பெனில இரும்புன்னு ஒண்ணு கண்ணுல படக்கூடாது. பித்தளை, இல்லாட்டி கட்டை."

"அக்கா, இங்க மருந்தா இருக்கு?"

"இருக்கோ இல்லையோ. அந்தச் சாமானத்து ஒடம்பைப் பாருங்க, அலுமினியம். இரும்பு பட்டா அப்பளமால்ல போகும்."

அதுவும் சரிதான். அடுப்படியில் இருந்து பூரிக்கட்டையை எடுத்து வந்தேன். அவள் நெம்ப, நான் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரில் இறுக்கினேன். எவ்வளவு டைட்? அது எனக்குத் தெரியும். ஐந்து வருஷமாக பிரஸ்ஸில் பார்க்கிறேனே, பெல்ட்டைச் சுண்டினால் டங்கென்று கேட்கும்வரை மிசின்காரர் விடமாட்டார். "இன்னும் அக்கா, இன்னும்" என்று அவள் முகம் சிவக்கிறவரை நெம்பவிட்டுச் சுண்டிப் பார்த்தேன். டங்!

சார்ஜ் ஏறி வந்த பேட்டரியை மாட்டி, சாவி போட்டேன். ஒரே சுற்றில் பிடித்தது. சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்தது. ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதுவிட்டேன். அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எதுக்கு அழுவுறீக, ஓடத்தானே செய்யிது?" என்கிறாள்.

மத்தியானம் மாமி பூரிக்கட்டையைத் தேடி, கண்டுபிடித்து, அதன் கோலத்தைப் பார்த்து — வேண்டாம், அதை எழுத இந்தப் பக்கம் போதாது.

9.7.2007, திங்கள்

அஷ்ஃபாக்கிடம் காரை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். ஆச்சரியப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது. அப்புறம் சொல்கிறார்: "நல்லதாப் போச்சு. ஓடுற வண்டின்னா ரத்தினசாமி மறுபேச்சு பேசமாட்டாரு. ஞாயித்துக்கிழமை வர்றாரு, வாக்குக் குடுத்துட்டேன்."

ரத்தினசாமி கார் புரோக்கர்.

நான் அவருக்காகவா கோணியில் படுத்து எழுந்தேன்? அவருக்காகவா? வாக்குக் கொடுக்கும் முன்னாடி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னிடம் — எம்புட்டு நேரம் ஆகியிருக்கும்?

"விக்க வேணாம் மச்சான்" என்றேன். "பாப்போம்" என்று போய்விட்டார். பாப்போம் என்றால் என்ன என்பதும் எனக்குத் தெரியும்.

12.7.2007, வியாழன்

காரில் புதுச் சத்தம். ஊஊ என்று ஊளை. வேகம் கூட்டினால் சத்தமும் கூடுகிறது. யாரிடமும் சொல்லவில்லை.

14.7.2007, சனி

சாத்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். ஊளை கூடித்தான் இருக்கிறது. பானட்டைத் திறந்து கை வைத்தால் டைனமோ முன்பக்கம் கொதிக்கிறது.

நாளைக்கு ரத்தினசாமி வருகிறார். சத்தத்தைக் கேட்டதும் என்ன சொல்வார், அதைக் கேட்டதும் இவர் என்ன சொல்வார், மாமி என்ன சொல்வார்கள், எல்லாம் இப்போதே காதில் கேட்கிறது. படிச்ச புள்ள பண்ணுன வேலையைப் பாரு. அப்படி என்ன வீம்பு எனக்கு? ஒர்க் ஷாப்பிலேயே கொடுத்திருக்கலாமோ? நடுரோட்டில் ரய்யானை வைத்துக்கொண்டு இது இறுகி நின்றுவிட்டால்? நானே அவனை —

இல்லை. யோசி ருமானா. அழாமல் யோசி.

எது மாறியது? பிராக்கெட் நேராகத்தான் இருக்கிறது, பெல்ட் கோணவில்லை, அது ஓடுகிற சக்கரங்கள் எல்லாம் ஒரே வரிசை. சூடு முன்பக்கம் மட்டும். முன்பக்கம் என்ன இருக்கிறது? பேரிங்.

பேரிங்! பிரஸ் மிசினில் ஷாஃப்ட் என் மணிக்கட்டு கனம், பெல்ட் உள்ளங்கை அகலம், நிதானமாகச் சுற்றும். அந்த டங் அதற்குத் தகும். இதில் ஷாஃப்ட் விரல் கனம், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது. டங்கென்று இறுக்கினால் இழுப்பு முழுக்க பேரிங் மேலேதான். பேரிங் கத்தாமல் என்ன செய்யும்? காரை பிரஸ் என்று நினைத்து இறுக்கியிருக்கிறேன். காலண்டர் ஊர்க்காரி புத்தி!

காலையில் முதல் வேலை லூஸ் பண்ணுவது. ரத்தினசாமி பதினொரு மணிக்குத்தான் வருவார்.

15.7.2007, ஞாயிறு

எட்டரைக்கே வந்துவிட்டார்.

ரய்யானுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளியே கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம், கூடவே ஊளை. கையைக் கழுவாமல் ஓடினேன். ரத்தினசாமி பானட்டுக்குள் தலையை விட்டபடி நிற்கிறார். "பாய், பேரிங் போச்சே. நாய் அழுகுற மாதிரில்ல அழுகுது. யாரு இதுல கை வச்சது?"

அஷ்ஃபாக் என் பக்கம் திரும்பினார். மாமி வாசலிலிருந்து சொன்னார்கள்: "எங்க வீட்டு இஞ்சினியர்தான்."

உள்ளே ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம். ஆனால் ஓடி எங்கே போவது, அதே வீட்டுக்குள்தானே?

"வண்டியை அணைங்க" என்றேன். "பேரிங் போகலை. நான்தான் பெல்ட்டை அதிகமா இறுக்கிட்டேன். பத்து நிமிசம் நில்லுங்க."

பேட்டரி வயரைக் கழற்றினேன். குழாயைக்கூடத் தொட்டேன், பழக்கமாகிவிட்டது. ரத்தினசாமி, "என்ன பாய், தங்கச்சி கையை அலசிட்டுத்தான் ஆரம்பிக்குமோ?" என்றார். அவரைப் பார்க்கவே இல்லை. மேல் போல்ட்டை லூஸ் பண்ணி, டைனமோவைக் கையால் உள்ளே தள்ளி, பெல்ட்டைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினேன். சுண்டுவிரல் அகலம் உள்ளே போகிறவரை விட்டேன். போல்ட்டை இறுக்கினேன். வயரை மாட்டினேன். எட்டு நிமிஷம்.

சாவியை நானே போட்டேன். சத்தமில்லை. இஞ்சின் சத்தம் மட்டும். வேகம் கொடுத்தேன். ஒன்றுமில்லை. விளக்கும் அணைந்தே இருந்தது.

ரத்தினசாமி காதைச் சாய்த்துக் கேட்டார். பானட்டை மெதுவாகத் தட்டினார். "வண்டி நல்ல வண்டிதான் பாய். நான் சொன்னதுக்கு மேலயே போட்டுத் தாரேன்." பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தார். "ஆர்.சி. யாரு பேருல?"

அஷ்ஃபாக் ஃபாரத்துக்குக் கையை நீட்டினார்.

"என் பேருல" என்றேன். "நான் விக்கலை."

"ருமானா." அஷ்ஃபாக் பல்லைக் கடித்துக்கொண்டு. "உள்ள வா. பேசிக்கலாம்."

"இங்கனயே பேசுவோம் மச்சான். அண்ணன் வந்த வேலை தெரியணும்ல. என் அத்தா இதை எனக்கு வாங்கிக் குடுத்தது பெருமைக்கு இல்ல. அந்தத் தீபாவளிக்கு, உதடு நீலமாப் போன ரய்யானைத் தோள்ல போட்டுக்கிட்டு முக்கால் மணி நேரம் தெருவுல நின்னேன். நீங்க லோடு ஏத்திக்கிட்டு இருந்தீங்க, நான் குத்தம் சொல்லலை. இனி ஒருக்கா நிக்க மாட்டேன். அம்புட்டுத்தான்."

"வாக்குக் குடுத்திருக்கேன்டி."

"நீங்க குடுத்தது உங்க வாக்கு. இதுக்கு வேண்டியது என் கையெழுத்து."

சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் திருப்பி எடுக்கமாட்டேன். ரத்தினசாமி ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "குடும்ப விசயம், நான் வாரேன் பாய்" என்று கிளம்பினார். மாமி என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்கள். தட்டில் இட்லி காய்ந்து கிடந்தது. அதை நானே தின்றேன்.

18.7.2007, புதன்

அஷ்ஃபாக்கிடம் பேச்சு இல்லை. "உப்பு" என்கிறார், கொடுக்கிறேன்.

21.7.2007, சனி

மாமி இன்று பேசினார்கள். "ஆம்பளையை அடுத்தவன் முன்னாடி தலைகுனிய வச்சுட்டியே."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு மாமி. அதுக்காகக் கையெழுத்துப் போட முடியுமா?"

"உனக்குப் பிடிவாதம்."

"ஆமா மாமி."

கொஞ்ச நேரம் இருவரும் வெங்காயம் உரித்தோம். அப்புறம், வெங்காயத்தைப் பார்த்தபடி கேட்டார்கள்: "அன்னைக்குப் புள்ளைக்கு உதடு நீலமாவா இருந்துச்சு? என்கிட்ட யாரும் அதைச் சொல்லலையே."

மாமி அந்தத் தீபாவளிக்கு மேலப்பாளையத்தில் இருந்தார்கள். நாங்களும் பயந்துபோய் லேசான இளைப்பு என்றுதான் சொல்லி வைத்திருந்தோம்.

"ஆமா மாமி. நகமும்."

27.7.2007, வெள்ளி

அஷ்ஃபாக் பேச ஆரம்பித்திருக்கிறார். "உன் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்து, லோடு ஆட்டோ வரணும்." 'உன் கார்' என்பதில் ஒரு அழுத்தம். குத்திக் காட்டுகிறாராம். தள்ளி நிறுத்தினேன், என் காரை.

பெல்ட்டை வாரம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறேன். புது பெல்ட் கொஞ்சம் நீளும் போலிருக்கிறது, இன்று ஒரு நூல் இறுக்கினேன். ஊளை இல்லை.

3.8.2007, வெள்ளி. ஆடி 18

காலையிலிருந்து ரய்யானுக்கு மூக்கு ஒழுகியது. ஜும்மாவுக்குப் போன ஆண்கள் அப்படியே பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். ஆல்பம் வெளியீடு, வெளியூர் பார்ட்டிகள், பிரியாணி. இரண்டே முக்காலுக்கு அவன் விலா எலும்பு உள்ளே இழுக்க ஆரம்பித்தது. வாயில் இன்ஹேலர் பம்ப்பை இரண்டு தடவை அடித்தேன். எண்ணினேன், நாற்பத்தெட்டு. இன்னொரு தடவை எண்ணவில்லை. தூக்கிக்கொண்டு சாவியை எடுத்தேன், மாமியிடம் சொல்லலாம் என்று அடுப்படியில் பார்த்தால் அவர்கள் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை.

வாசலுக்கு வந்தால் மாமி புர்கா போட்டு, மடியில் வெந்நீர் பிளாஸ்க்கும் ஆஸ்பத்திரி ஃபைலுமாக, காரில் உட்கார்ந்திருக்கிறார்கள். புள்ளையை வாங்கக் கை இரண்டையும் நீட்டி வைத்துக்கொண்டு.

"என்னம்மா நிக்கிறே? எடு வண்டியை."

விருதுநகர் ஆஸ்பத்திரியில் நெபுலைசரில் மருந்துப் புகை வைத்தார்கள். நாலரைக்கு இழுப்பு குறைந்தது. ஐந்து மணிக்கு மாமி போனில் மணியடித்தது. அஷ்ஃபாக். வீட்டில் யாரையும் காணோமென்று பதறிப்போயிருப்பார். மாமி சொன்னது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"விருதுநகர்ல இருக்கோம்... புள்ளைக்கு இப்பத் தேவலை, பிஸ்கட்டு திங்கிறான்... யாரு கூட்டியாந்தாவா? யாரு கூட்டியாருவா, உன் பொண்டாட்டி ஓட்டுனா, நான் உக்காந்து வந்தேன்... நீ ஏன் வரணும்? நீ பார்ட்டியைக் கவனி. நாங்களே வந்துக்குவோம்."

போனை வைத்துவிட்டு ரய்யான் வாயைத் துடைத்தார்கள்.